நாற்பத்தொன்றை எண்ணியவர்

ஆய்வு நிலையத்தின் இரண்டாம் மாடியில், படிக்கட்டை ஒட்டிய கடைசி அறையில், முப்பது ஆண்டுகளுக்குச் சற்றே குறைவான காலம் ஒரு பெண்மணி நுண்ணோக்கியின் முன் அமர்ந்து எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணப்பட்டவை கோதுமை வேரின் நுனியில் உள்ள குரோமோசோம்கள். கிடைக்க வேண்டிய எண் நாற்பத்தொன்று. அது கிடைத்தால் முளை தொட்டிக்குப் போகும்; கிடைக்காவிட்டால் குப்பைக் கூடைக்குப் போகும். இதனால் அவருக்கு ‘நாப்பத்தொண்ணு அக்கா’ என்ற பெயர் நிலைத்தது. சம்பளப் பட்டியலில் உள்ள பெயரைச் சொல்லி யாரேனும் விசாரித்தால், வாயிற்காவலர் சிறிது நேரம் யோசித்த பிறகே மாடியைக் கைகாட்டுவார்.

அறையில் மேசை ஒன்று, நுண்ணோக்கி ஒன்று, சாய்வில்லாத நாற்காலி ஒன்று, உறுமும் குளிர்ப்பெட்டி ஒன்று. சன்னல் மிதிவண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்திருந்தது. உள்ளே நுழைபவரை முதலில் எதிர்கொள்வது புளித்த அமிலத்தின் நெடி. அவருக்கு மட்டும் அது தெரிவதில்லை.

வேலையின் ஒழுங்கு இது. முளைத்த விதையின் வேர்நுனியைக் காலையில் கிள்ளிப் பனிக்கட்டி மிதக்கும் நீரில் ஒரு நாள் முழுவதும் வைக்க வேண்டும். அக்குளிரில் குரோமோசோம்கள் குறுகித் தடித்து, தனித்தனியே நிற்கும். பின்னர் அமிலத்தில் ஊறல். பின்னர் சிவப்புச் சாயத்தில் ஊறல். இறுதியாகக் கண்ணாடித் தகட்டின்மேல் நுனி, அதன்மேல் மெல்லிய கண்ணாடி, அதன்மேல் ஒற்றுத்தாள், அதன்மேல் வலக்கைக் கட்டைவிரல். விரல் சற்றே கூடுதலாக அழுத்தினால் செல் சிதறிப் போகும். குறைவாக அழுத்தினால் குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடக்கும். இரண்டுக்கும் நடுவிலுள்ள அந்த அளவு எந்தக் கருவியிலும் குறிக்கப்பட்டதன்று. அவருடைய விரலில் இருந்தது. அந்த விரலின் நகத்தடியில் கருஞ்சிவப்புச் சாயம் எக்காலத்தும் நீங்காது தங்கியிருந்தது.

அவர் கணவர் நகரப் பேருந்தில் நடத்துநர். “கைநாட்டு வச்சே சம்பளம் வாங்குறவ எனக்குத் தெரிஞ்சு என் பொண்டாட்டி ஒருத்திதான்” என்று அவர் வண்டியில் ஓட்டுநரிடம் சொல்லுவார். ஓட்டுநர் அதை நூறு முறை கேட்டிருப்பார்; நூறு முறையும் சிரித்தார்.

கோதுமை எனப்படுவது மூன்று புற்கள் கூடி ஆன பயிர். பல நூறாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இரண்டு காட்டுப்புற்கள் தம்முள் கலந்தன. கலப்பில் பிறந்தது தன் குரோமோசோம்களை இரட்டித்துக்கொண்டு நிலைபெற்றது. அதற்கு நெடுங்காலம் பின்னர், மனிதன் உழுது விதைக்கத் தொடங்கிய காலத்தில், வயல் ஓரத்துக் களையாக நின்ற மூன்றாவது புல்லும் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு புல்லும் ஏழு இணைகளைக் கொணர்ந்தது. அறிவியலார் அத்தொகுதிகளுக்கு ஏ, பி, டி என்று பெயரிட்டனர். ஆக இருபத்தோர் இணை, நாற்பத்திரண்டு குரோமோசோம். மூன்று குடும்பங்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு ஒரே வீட்டில் குடியேறினாற்போல, விளக்கும் மூன்று, அடுப்பும் மூன்று, சல்லடையும் மூன்று என்று ஒவ்வொரு வேலைக்கும் மும்மூன்று கருவிகள் அப்பயிருக்குள் உள்ளன. ஒரு சல்லடை தொலைந்தாலும் மாவு சலிப்பது நிற்பதில்லை. பிற பயிர்கள் பெரும்பாலும் ஒரு குரோமோசோமை இழந்தால் மாண்டுபோகும். கோதுமை இழந்தும் வாழும். சிறிது மெலியும், கதிரில் ஒரு மாறுபாடு தோன்றும், அவ்வளவே. படைப்பின் இந்தத் தாராளத்தை எண்ணி வியப்பவர் வியக்கலாம்.

இப்பண்பைக் கொண்டு, அப்பெண்மணி வேலைக்கு வருவதற்கு முன்பே, நிலையத்தின் முதல் ஆய்வாளர் இருபத்தொரு வரிசைகளை உருவாக்கி வைத்திருந்தார். ஒவ்வொரு வரிசையிலும் ஏதேனும் ஓர் இணையில் ஒன்று குறைவு. முதல் வரிசையில், ஏ தொகுதியின் முதல் குரோமோசோமான ‘ஒன்று ஏ’ ஒற்றையாக நிற்கும். அடுத்ததில் ‘ஒன்று பி’. இவ்வாறு ‘ஏழு டி’ வரை. ஒரு குணம் எந்தக் குரோமோசோமில் இருக்கிறது என்று அறிய விரும்புவோர் இந்த வரிசைகளோடு தம் செடியைக் கலந்து பார்ப்பர். எது குறையும்போது குணம் தடுமாறுகிறதோ, அதில்தான் அது உறைகிறது.

இந்தக் குறை தானாக நிலைப்பதன்று. நாற்பத்தொன்று உள்ள செடியின் விதைகளில் நான்கில் ஏறத்தாழ மூன்று பங்கு நாற்பத்தொன்றாகவே பிறக்கும். ஒரு பங்கு நாற்பத்திரண்டாகி நிறைந்துவிடும். அரிதாகச் சில நாற்பதாகச் சுருங்கும். எண்ணாது விட்டால் சில தலைமுறைகளில் குறை முழுதும் மறைந்து வெறுங்கோதுமை எஞ்சும். ஆகவே ஆண்டுதோறும் விதைத்து, ஒவ்வொரு முளையையும் எண்ணி, நாற்பத்தொன்றை மட்டும் நிலையத்தின் பின்புறக் கண்ணாடி வீட்டில் வளர்த்து, அதன் விதையை எடுத்து உறையிட வேண்டும். ஊரெல்லாம் குறையை நீக்கப் பாடுபடுகையில் அவர் ஒருவர் குறையைக் காக்கப் பாடுபட்டார்.

அவர் நிலையத்தில் சேர்ந்தது கண்ணாடிக் கலம் கழுவும் வேலைக்கு. பள்ளி இறுதி வரை படித்திருந்தார். எண்ணும் ஊழியர் திடீரென வேறு வேலைக்குப் போய்விட, ஆள் கிடைக்கும் வரை என்று அவரை நாற்காலியில் அமர்த்தினார்கள். ஆள் கிடைக்கவில்லை, தேடியதாகவும் தெரியவில்லை. எட்டு ஆண்டுகள் கழித்துத்தான் பதவிப் பெயர் மாறியது. மகள் பிறந்தாள், படித்தாள், செவிலியாகி வேறு நகரம் போனாள். மிதிவண்டி பழுது பார்க்கும் கடைக்கு மேலே உள்ள இரண்டு அறைகளில் அவரும் கணவரும் இருந்தனர். காலையில் அவர் எண்ணப் புறப்படுவார். கணவரும் எண்ணப் புறப்படுவார்.

புதிதாக வந்த இயக்குநர் ஒருநாள் அவரைத் தம் அறைக்கு அழைத்து நாற்காலியில் உட்காரச் சொன்னார். அந்த அறையில் அவர் அமர்ந்தது அதுவே முதல் முறை.

“பாருங்கம்மா, பின்னாடி இருக்குற கண்ணாடி வீட்டை இடிக்கப் போறோம். மரபணு படிக்கிற மெஷின் ரெண்டு வருது, அதுக்கு இடம் வேணும். உங்க இருபத்தொரு வரிசையை வெளிநாட்டு விதைக் காப்பகம் ஒண்ணு வாங்கிக்கிறேன்னு ஒத்துக்கிட்டிருக்கு. பூச்சியத்துக்குக் கீழ வச்சிருப்பாங்க. நூறு வருஷம் ஆனாலும் ஒண்ணும் ஆகாது.”

“இங்க வேண்டாமா சார்?”

“இங்க யாரு எண்ணுறது? நீங்க இன்னும் மூணு வருஷம். அதுக்கப்புறம்?”

இயக்குநர் ஒரு தாளை நகர்த்தினார். “ஒரு நிபந்தனை. தொகுதி முழுசா இருக்கணும். ஒவ்வொரு வரிசையும் சரிதான்னு எண்ணினவங்க கையெழுத்துப் போடணும். அது நீங்கதான்.”

ஆக நிலைமை தெளிவானது. தொகுதி கப்பல் ஏறினால் வாழும். ஏறாவிட்டால் கண்ணாடி வீட்டோடு அதன் கதையும் முடியும். பயிர்நல அனுமதி பெறவே ஆறு மாதம் ஆயிற்று. காப்பகம் ஒவ்வொரு வரிசையிலும் நிறைய விதை கேட்டதால், அந்தப் பருவத்தில் மட்டும் இருபத்தொன்றையும் கண்ணாடி வீட்டுக்கு வெளியே, திறந்த வயலில் வரிசைக்கு ஒரு பாத்தியாக விதைத்தனர். முன்கூட்டியே ஒவ்வொரு நாற்றையும் அவர் எண்ணியிருந்தார். எல்லாம் நாற்பத்தொன்று.

வயல் மேற்பார்வையாளர் வெயிலிலும் மழையிலும் குடையோடு திரிபவர். ‘குடைக்காரர்’ என்றால்தான் தெரியும். அறுவடைக்குப் பதினைந்து நாள் இருக்கையில் அவர் மாடிப்படியின் கீழிருந்தே குரல் கொடுத்தார்.

“தங்கச்சி, உன் புள்ளைங்கள்ல ஒண்ணு மட்டும் அவ்ளோ அழகா வந்திருக்கு. போய்ப் பார்த்தியா?”

“எதுண்ணே?”

“அஞ்சு ஏ. கதிர் ஒவ்வொண்ணும் செங்கல் அடுக்கி வச்ச மாதிரி. மத்தது பாதி சோப்ளாங்கி. இது மட்டும் பயில்வான்.”

அவர் கையிலிருந்த தகட்டை மேசையில் வைத்துவிட்டு இறங்கினார். குடைக்காரர் ஏதோ கேட்டார், காதில் விழவில்லை.

கோதுமைக் கதிர் கட்டையாகவும் செறிவாகவும் அமைவதற்குக் காரணமான மரபணு ஐந்து ஏ குரோமோசோமில் உள்ளது. அதில் ஒன்று குறைந்தால் கதிர் நீண்டு, நுனி கூம்பி, மணிக்கொத்துகள் இடைவெளிவிட்டு நிற்கும். ஐந்து ஏ வரிசையின் அழகின்மையே அதன் அடையாளம். பாத்தியின் அருகே நின்று அவர் பார்த்தார். கதிர்கள் கட்டை, செறிவு, நாற்புறமும் சமன். நாற்பத்தொன்று உள்ள செடிதான், அதில் ஐயமில்லை. ஆனால் குறைவது ஐந்து ஏ அன்று. வேறு ஏதோ ஒன்று.

இத்தொழிலில் இருப்போர் அறிந்த ஆபத்து இது. ஒற்றையாக நிற்கும் குரோமோசோம் உள்ள செடியில், விதை உருவாகும் வேளையில், மற்றோர் இணையும் சில சமயம் கைகோக்கத் தவறும். அப்போது பழைய குறை நிறைந்து, புதியதொரு குறை பிறக்கும். தொகை மாறாது. எண்ணுபவர் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தாலும் நாற்பத்தொன்றே தெரியும்.

இதைக் கண்டுபிடிக்க முதல் ஆய்வாளர் ஒரு வழி எழுதி வைத்திருந்தார். அயல் மகரந்தம் படாமலிருக்கக் கதிர்களுக்குக் காகித உறை போடுவது வழக்கம். ஆனால் ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கதிரை மட்டும் உறையிடாது விட்டு, அது முற்றியதும் பார்க்க வேண்டும். ஓராண்டு கண்ணாடி வீட்டின் கூரைச் சில்லு உடைந்து, குருவிகள் புகுந்து, உறையில்லாத கதிர்களையெல்லாம் தின்று தீர்த்தன. மறு ஆண்டிலிருந்து அவர் எல்லாக் கதிர்களுக்கும் உறையிட்டார். முற்றிய பின் உறையோடு சேர்த்துக் கசக்கி மணியை உதிர்ப்பது அவர் கைப்பழக்கம். ஒரு மணி கூடச் சிந்தாது. கதிரின் வடிவத்தையும் யாரும் பார்க்கமாட்டார்கள். இம்முறை வயலில் கதிர்கள் ஏராளம் என்பதால் உறை போட இயலவில்லை.

மாடிக்குத் திரும்பிப் பதிவேடுகளைப் பின்னோக்கிப் புரட்டினார். ஏழு ஆண்டுகளுக்கு முந்தைய பக்கத்தில் கை நின்றது. அசுவினிப் பூச்சி பெருகிய ஆண்டு. ஐந்து ஏ வரிசையில் தப்பியவை இரண்டே செடிகள், இரண்டிலும் நாற்பத்தொன்று. முதல் செடிக்கு எதிரே, ‘மெலிவு, மணி சிறுத்தது, நீக்கப்பட்டது’ என்றிருந்தது. இரண்டாவதற்கு எதிரே, ‘திடம், மணி திரட்சி, வைத்துக்கொள்ளப்பட்டது.’ எழுத்து அவருடையது. மெலிந்ததுதான் உண்மையான ஐந்து ஏ. வேறெந்தத் தொழிலிலும் நல்ல செடியைத் தேர்ந்தவரைப் பாராட்டுவார்கள்.

மாலையில் கணவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே முகத்தைப் பார்த்தார்.

“என்னம்மா, மூஞ்சி இப்படி இருக்கு? மெஷின்காரங்க வந்து நாற்காலியைத் தூக்கிட்டாங்களா?”

அவர் நடந்ததைச் சொன்னார். கணவருக்கு முதலில் பிடிபடவில்லை.

“நாப்பத்தொண்ணு இருக்குங்கிற. அப்புறம் என்ன தப்பு?”

“உங்க வண்டியில நாப்பத்தொரு பேர் வர்றாங்கன்னு வைங்க. ஒரு நிறுத்தத்துல ஒருத்தன் இறங்குறான், இன்னொருத்தன் ஏறுறான்.”

“தலை எண்ணினா அதே நாப்பத்தொண்ணு.”

“இறங்கினவன் யாரு, ஏறினவன் யாருன்னு நீங்க பார்க்கல.”

“டிக்கெட் கேட்டிருப்பேனே.”

“நான் கேக்கல. ஏழு வருஷமா கேக்கல.”

கணவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு, “சொன்னா என்ன ஆகும்?” என்றார்.

“முழுத் தொகுதி இல்லன்னு காப்பகம் வாங்காது. ஒண்ணு தப்புன்னா மிச்ச இருபதையும் யாரும் நம்ப மாட்டாங்க. கண்ணாடி வீடு போயிடும். எல்லாம் போயிடும்.”

“சொல்லலன்னா?”

“எல்லாம் பத்திரமாப் போய்ச் சேரும். இருபது சரியா, ஒண்ணு பொய்யா.”

“இருபதைக் காப்பாத்த ஒண்ணு பொய்யா இருந்தா என்ன?” என்றார் கணவர். குறும்பாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே கேட்டார்.

அவர் அடுப்பை மூட்டப் போனார்.

அறுவடை முடிந்தது. உறைகள் முத்திரையிடப்படக் காத்திருந்தன. பொதி புறப்பட நான்கு நாள். அவர் ஓர் இளம் ஆய்வாளரைத் தேடிப் போனார். இரண்டு மெஷின்களில் முன்னதாக வந்து, தற்காலிகமாகக் கீழ்த்தளத்தில் வைக்கப்பட்டிருந்த ஒன்றை இயக்கப் பயிற்சி பெற்று வந்திருந்த பெண் அவர். நிலையத்தில் எல்லாரையும் உறவு சொல்லி அழைப்பவர்.

“காஞ்ச இலைத்துண்டு குடுத்தா, எந்தக் குரோமோசோம் ஒத்தையா இருக்குன்னு உங்க மெஷின் சொல்லுமா மேடம்?”

“சொல்லும் அக்கா. ஒவ்வொண்ணும் எத்தனை பங்கு இருக்குன்னு காட்டிடும். ஆனா பத்து நாள் ஆகும். எதுக்கு?”

காரணத்தைக் கேட்டதும் இளம் ஆய்வாளர் எழுந்து கதவைச் சாத்தினார்.

“அக்கா, நான் சொல்றதைக் கேளுங்க. இப்ப போகட்டும். காப்பகத்துல போட்டுட்டா முப்பது வருஷத்துக்கு யாரும் பெட்டியைத் திறக்க மாட்டாங்க. அதுக்குள்ள நீங்க நிதானமா ஐந்து ஏ-வைச் சரிபண்ணி, ‘புது விதை’ன்னு அனுப்பிடலாம். ஒருத்தருக்கும் தெரியாது.”

“சரிபண்ண முடியலன்னா?”

“அப்பவும் தெரியாது.”

“திறக்குறவங்க என் கையெழுத்தைப் பார்த்துத்தானே நம்புவாங்க. அப்ப நான் பக்கத்துல இருந்தா, ‘இதை நம்பாதீங்க’ன்னு சொல்லிடுவேன். இருக்க மாட்டேனே.”

இளம் ஆய்வாளர் மீண்டும் கதவைத் திறந்து வைத்தார்.

கணவரின் கேள்விக்கும் அதுவே விடையாயிற்று. இத்தொகுதி முழுவதும் குறைகளால் ஆனது. இன்ன இடத்தில் இன்னது இல்லை என்னும் சொல் மெய்யாக இருக்கும் வரையில்தான் அதற்கு மதிப்பு. ஒரு வரிசையில் அச்சொல் பொய்யென்று தெரிந்தும் கையெழுத்திட்டால், மற்ற இருபதிலும் அதே கைதான் எழுதியிருக்கும்.

இயக்குநர் செய்தியை நின்றபடியே கேட்டார்.

“எண்ணிக்கை தப்பா?”

“எண்ணிக்கை சரி சார். ஆள் தப்பு.”

“ஒண்ணு மட்டும்தானா? மத்த இருபது?”

“தெரியாது சார். எண்ணினேன். முகம் பார்க்கல.”

“இந்த அனுமதிக்கு நான் ஆறு மாசம் நாயா அலைஞ்சேன்னு உங்களுக்குத் தெரியும்ல?”

“தெரியும் சார்.”

“தெரிஞ்சும் வந்து சொல்றீங்க.”

“ஆமா சார்.”

இயக்குநர் அமர்ந்தார். கெட்ட மனிதர் அல்லர்; அவருக்கும் மேலே கேட்பவர்கள் இருந்தனர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்னார்: “மெஷினுக்கு எப்படியும் ஒரு வெள்ளோட்டம் வேணும். உங்க இருபதையும் அதுல விட்டுப் பார்ப்போம். இன்னும் ஒண்ணு தப்பா வந்தாலும் மொத்தத்தையும் மூடிடலாம். வராட்டி, காப்பகத்துக்கு எழுதிக் கேட்குறேன். எழுதுறது நான். காரணம் எழுதுறது நீங்க.”

அந்தப் பத்து நாளும் அவர் வழக்கம்போல் வந்தார். முதல் வேலையாக, குளிர்ப்பெட்டியின் அடித்தட்டைக் கிளறி, எட்டு ஆண்டுகளுக்கு முந்தைய ஐந்து ஏ உறையைத் தேடி எடுத்தார். பூச்சி வருவதற்கு முந்தைய பருவத்து விதை. பதினான்கு மணிகள் இருந்தன. ஈரத் தாளில் பரப்பி மூடினார். அடுத்து, அந்த ஏழு ஆண்டுகளில் பொய்யான ஐந்து ஏ-வை வாங்கிச் சென்றவர்கள் யார் என்று பார்த்தார். மூவர். மூவருக்கும் தனித்தனியே கடிதம் எழுதினார். ஒரே வாசகத்தைப் படியெடுக்கவில்லை. ஒருவர் பதில் எழுதவேயில்லை. ஒருவர் நன்றி சொன்னார். மூன்றாமவர், தம் முடிவு ஏன் நான்கு ஆண்டுகளாகப் பொருந்தவில்லை என்பது இப்போதுதான் விளங்கியது என்று எழுதி, அதற்குக் கீழே அச்சில் ஏற்ற முடியாத ஒரு வரியையும் சேர்த்திருந்தார்.

ஈரத் தாளில் ஐந்து மணிகள் முளைத்தன. மற்றவை பூசணம் பூத்தன. ஐந்தின் வேர்நுனிகளையும் கிள்ளி எண்ணினார். இரண்டில் நாற்பத்திரண்டு, ஒன்றில் நாற்பது, இரண்டில் நாற்பத்தொன்று. அவ்விரண்டையும் தொட்டியில் வைத்தார். முன்னாளாக இருந்தால் வேலை அத்தோடு முடிந்திருக்கும்.

பதினோராம் நாள் இளம் ஆய்வாளர் நடைபாதையில் எதிரே ஓடி வந்தார். மூச்சு வாங்கியது.

“இருபதும் சரி அக்கா. ஒண்ணுகூட மாறல. அந்தப் பயில்வான் மட்டும் இரண்டு டி-யை விட்டிருக்கு. ஐந்து ஏ ரெண்டும் பத்திரமா வச்சிருக்கு, கள்ளப் பய.”

அவர் படிக்கட்டில் அமர்ந்தார். “இருபதையும் எனக்கு எழுதிக் குடுங்க” என்றார். எழுதி வாங்கி ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு மறுபடியும் படித்தார்.

காப்பகத்திலிருந்து சுருக்கமான பதில் வந்தது. இருபதை இப்போது ஏற்போம். இருபத்தொன்றாம் இடத்தை ஓராண்டு காலியாக வைப்போம். அதற்குள் மெய்யான ஐந்து ஏ நூறு மணி வந்தால் தொகுதி முழுமையெனக் கொள்வோம். வராவிட்டால் குறைத் தொகுதி என்று பெயரிட்டுத் தனியே வைப்போம். பொதி போயிற்று. கண்ணாடி வீட்டை இடிக்கக் குறித்த நாள் தள்ளிப்போகவில்லை. ஆனால் இடிப்பதைத் தெற்கு முனையில் தொடங்க வேண்டும், வடக்கு முனையில் ஒரு மேடையை மட்டும் கடைசி வரை விட்டுவைக்க வேண்டும் என்று இயக்குநர் எழுதிக் கொடுத்தார்.

அந்த மேடையில் இரண்டு தொட்டிகள் நூறு நாட்களுக்கு மேல் நின்றன. நாள்தோறும் கண்ணாடிச் சில்லுகள் கழற்றப்பட்டு, வைக்கோல் பரப்பிய வண்டியில் ஏற்றப்பட்டன. கூரை குறையக் குறையக் குளிர் ஏறியது. அவர் வீட்டிலிருந்து பழைய போர்வையைக் கொண்டுவந்து மாலையில் தொட்டிகளைச் சுற்றிக் கட்டினார். குடைக்காரர் கேட்காமலே தம் குடையை விரித்து மேடையின் காற்று வரும் பக்கம் கட்டிவிட்டு, நான்கு நாள் வெறுந்தலையோடு வயலில் நடந்தார். “யாருன்னே தெரியலியேண்ணே” என்று வயலாட்கள் கேலி செய்தனர். “உங்களுக்குத் தெரியாம இருந்தா எனக்கு லாபம்தான்” என்றார் அவர்.

கதிர் வெளிவரும் வேளையில் அவர் ஒவ்வொரு செடியிலும் ஒரு கதிரை உறையிடாமல் விட்டார். வலைத்துணி ஒன்றை மேடைமேல் கட்டிக் குருவிகளைத் தடுத்தார். முதற்செடியின் கதிர் நீண்டு, மணிக்கொத்துகள் விலகி, நுனி கூம்பி வந்தது. இரண்டாவது சற்றுத் தாமதித்தது. அதுவும் அவ்வாறே வந்தது. இளம் ஆய்வாளர் இலைத்துண்டை மெஷினில் வைத்துப் பார்த்து, ஐந்து ஏ ஒரு பங்கே உள்ளது என்று எழுதிக் கொடுத்தார். அன்று மதியம் அவர் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாக வீட்டுக்குப் போய், கணவர் வரும் வரை உறங்கினார்.

இரண்டு செடிகளிலும் சேர்த்து நூற்றுப் பன்னிரண்டு மணிகள் தேறின. பன்னிரண்டை இளம் ஆய்வாளரின் குளிர்ப்பெட்டியில் வைத்தார். மெஷினின் அளவைச் சரிபார்க்க அது வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். நூறை உறையிலிட்டார். காப்பகத்தின் படிவத்தில், ‘இவ்வரிசையின் வரலாறு’ என்று ஒரு பெரிய கட்டம் இருந்தது. மற்ற இருபதுக்கும் அதில் ஓரிரு வரிகளே எழுதியிருந்தார். இதற்கு அக்கட்டம் போதவில்லை. பூச்சி வந்த ஆண்டு, இரண்டு செடிகள், எதைத் தேர்ந்தார், ஏன் தேர்ந்தார், ஏழு ஆண்டுகள் எது ஐந்து ஏ என்ற பெயரில் வளர்ந்தது, யார் யார் வாங்கினர், எந்த உறையிலிருந்து மீண்டது என்று தாள் மேல் தாளாக எழுதி, ஒவ்வொரு தாளின் அடியிலும் கையெழுத்திட்டார். பயிர்நலச் சான்று, இயக்குநர் கடிதம், மெஷினின் முடிவு எல்லாம் சேர்ந்தபோது கட்டு விரற்கடை அளவு தடித்திருந்தது.

மறுநாள் காலையில் அதை அஞ்சலகத்துக்கு எடுத்துச் சென்றார். சன்னலுக்கு அப்பால் இருந்த ஊழியர் பொதியைக் கையில் ஏந்திப் பார்த்தார்.

“உள்ள என்னம்மா?”

“கோதுமை. நூறு மணி.”

“நூறு மணிக்கா இவ்வளவு காகிதம்?”

“அதுல ஒண்ணு குறையுது. எது குறையுதுன்னு சொல்றதுக்குத்தான் இவ்வளவும்.”

ஊழியர் அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பின்னர் முத்திரையை மையில் ஒற்றிப் பொதியின் இரு பக்கமும் குத்தி, பின்னால் இருந்த சாக்கில் இட்டு, ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். அவர் அதில் இருந்த முகவரியை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துவிட்டு, அடுத்து நின்றவருக்கு வழிவிட்டார்.